சிவனாண்டியின் நாலாவது பேர்

சங்கரன்கோவிலில் சிவனாண்டியைப் பற்றிக் கேட்டால், விசைத்தறி ஓட்டுகிறவன் என்பார்கள். அதோடு சரி. ரகசியமாகக் கேசட் போட்டு மதுரைக்கு விற்க அனுப்புகிறான், அதற்கென்று மூன்று பேர் வைத்திருக்கிறான் என்பது அவன் மனைவி தங்கத்தாய்க்கு மட்டும்தான் தெரியும். புல்புல்தாரா வாத்தியத்துக்குக் கரண்டு கொடுத்து அலறவிட்ட கேசட்டில் அவன் 'கே. மின்னல்'. தறிச் சத்தத்துக்குத் தவில் வைத்த கேசட்டில் 'பொதிகை சகோதரர்கள்'. இருப்பது ஒற்றை ஆள், இதில் சகோதரர்கள் வேறு! கிணற்றுக்குள் டேப்ரிக்கார்டரை இறக்கித் தவளைச் சத்தம் பிடித்ததற்கு 'ஜாலி ஸ்டார்'. சொந்தப் பேரில் போட்டால் தறிக்கூடமே சிரிக்கும் என்று பயம். பேர் வைக்க அவளிடம்தான் வந்து நிற்பான். மின்னலுக்கு முன்னால் 'கே.' போட்டதே அவள்தான். நகை நட்டு செய்து போடாதவன், போகட்டும். எதையும் ஒளிக்காத புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது எண்பத்து நாலாம் வருஷம், மேலநீலிதநல்லூரில், அவள் பெரியம்மா இறந்த வீட்டில்.

துட்டி வீடென்றால் ரேடியோ செட்டும் குழாய் ஸ்பீக்கரும் கட்டாமல் இருப்பார்களா? இருவரும் போய்ச் சேர்ந்தபோது செட்காரர் கேசட் மாற்றிக்கொண்டிருந்தார். சிவனாண்டி பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தான். உள்ளே பெண்கள் தங்கத்தாய்க்காகக் காத்திருந்தார்கள். இறந்தவளின் தங்கச்சி மகள். ஒப்பாரியை அவள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு எடுத்தாள்.

"கருப்பட்டி தொட்டுத் தந்து கசப்பு மருந்து ஊட்டினியே..."

மூன்று வருஷத்துக்கு முன் ராயகிரியில் தன் அம்மாவுக்கு எடுத்த அடி. துக்கம் வந்தால் அவளுக்கு அதுதான் வாயில் வரும்.

பெரியம்மாவின் பக்கத்து வீட்டு வள்ளித்தாய் அவள் தோளைத் தட்டினாள். "ஏட்டி, பெரியம்மைக்குச் சொந்தமா நாலு வார்த்தை வராதா ஒனக்கு? காலையிலேருந்து கேசட்டுல படிக்கதை அப்படியே படிக்கியே!"

அதற்குள் குழாய் அலறத் தொடங்கியிருந்தது. "கருப்பட்டி தொட்டுத் தந்து..." அதே அடி, அதே தொண்டைக் கம்மல். அம்மா போன அன்று காய்ச்சலோடு அழுத அவளுடைய குரலேதான். அடியில் சடக் சடக்கென்று தறி ஓடியது, நடுநடுவே புல்புல்தாரா. அந்தக் கைவரிசை வேறு யாருடையது? அன்று அவன் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு அம்மாவின் தலைமாட்டை விட்டு நகராமல் இருந்தது நினைவுக்கு வந்தது. அடப்பாவி, பைக்குள் இருந்தது டேப்ரிக்கார்டரா! மாமியார் மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போயிருந்தாளே.

விடுவிடுவென்று செட்டுக்குப் போய்க் கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தாள். 'கண்ணீர்க் குரல்: ராயகிரி பூமாரி' என்று போட்டிருந்தது. சிவனாண்டி பின்னாலேயே ஓடிவந்தான்.

"யாருங்க இந்தப் பூமாரி?"

"மெல்லப் பேசுட்டி. கேட்டா நீ வேண்டாம்னுருப்ப. மதுரையில அதைக் கேட்டவன் பூராவும் அழுதான், தெரியுமா? நான் போட்டதுலயே அதான் உசத்தி."

"எங்கம்மைக்கு அழுதேன் நான். கேசட்டுக்கா படிச்சேன்?"

அவன் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

"சரி. உள்ள வந்து அந்தப் பொம்பளையள்ட்ட சொல்லுங்க, இது எம் பொண்டாட்டி குரல்னு. நான் களவாண்டு படிக்கேன்னு நினைக்காவ."

"அதெப்படிச் சொல்லுவேன்? இதைச் சொன்னா மத்தப் பேரெல்லாம் வெளிய வந்திரும்லா?"

குழாயில் குரல் உடைந்து அடுத்த அடிக்குப் போனது.

"ஒத்தையில விட்டேன்னு ஒருநாளும் கலங்காத, தாயே,
என்னைக் கட்டினவுக இருக்காக, கண்ணுல வச்சுக் காப்பாக..."

சிவனாண்டி சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள்.

"குறைக்காதீங்க. எங்கம்மைட்ட நான் சொன்ன வார்த்தை அது. நல்லாக் கேளுங்க."

வாசலில் வள்ளித்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்தப் பூமாரி குடுத்து வச்சவ. எப்பேர்ப்பட்ட புருஷன் பாரு!"

சிவனாண்டியின் காதில் அது விழுந்தது. அவன் திரும்பிப் போய்ப் பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்துகொண்டான்.

தங்கத்தாய் உள்ளே போய்ப் பெரியம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். பெண்கள் அவள் முகத்தையே பார்த்திருந்தார்கள். அவள் எடுக்க இருந்த ஒவ்வொரு அடியையும் குழாயில் பூமாரி முந்திப் படித்துக்கொண்டிருந்தாள்.