சின்ன ரூமுக்கு ஒரு சர்டிபிகேட்

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்ற மறுநாளே, உலகத்தில் உள்ள அத்தனையையும் படித்துவிடுவது என்று முடிவெடுத்தார். இணையத்தில் எல்லாப் பாடமும் இலவசம். வயது கேட்பதில்லை, பழைய மார்க் கேட்பதில்லை, பாதியில் எழுந்து போனாலும் ஏன் என்று கேட்பதில்லை. இந்தக் கடைசி வசதியை அவர் அளவுக்கு அனுபவித்தவர் பூமியில் கிடையாது. எரிமலையை அது வெடிப்பதற்கு முன்பே விட்டுவிட்டார். ரோம சாம்ராஜ்யம் விழும்வரைகூடப் பொறுக்கவில்லை. தேனீ வளர்ப்பில் ராணித் தேனீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

ஆனால் கேட்ட முதல் பாடம் மட்டும் கல்லில் வெட்டியதுபோல நிற்கும். அவரோடு லிஃப்டில் ஏறியவர்கள் தங்கள் மாடி வருவதற்குள் திமிங்கிலத்தின் குடலில் பாதி தூரம் போயிருப்பார்கள். அந்தக் குடியிருப்பில் பலர் படியேறி உடம்பு இளைத்தது இப்படித்தான்.

இவ்வளவு கல்வியும் நடந்தது வீட்டின் சின்ன ரூமில். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், நல்ல வெளிச்சமாக ஒரு ஜன்னல். அந்த ரூமின்மேல் அவர் மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவர் கடைகளுக்குக் கர்ட்டன் தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க," என்றார் மனைவி ஒரு நாள். "ஒரே ஒரு பாடத்த முழுசா முடிச்சு சர்டிபிகேட் காட்டுங்க, ரூம் உங்களுக்கு. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா மெஷின் உள்ள வரும்."

சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனன் உடனே எழுந்து சட்டைக் கையை மடித்தான். "மாமா, மேஜைய இப்பவே தூக்கிடலாமா? வந்ததுதான் வந்தேன், ஒரு கை புடிச்சிட்டுப் போறேன்."

மெக்கானிக்குக் காது சிவந்தது. அன்றே இருப்பதிலேயே சின்னப் பாடமாகத் தேடிச் சேர்ந்தார். 'பேச்சுவார்த்தையில் வெல்வது எப்படி?' இதில் தேர்வு கிடையாது. கடைசியில் ஒரு கட்டுரை. 'உங்கள் வீட்டுத் தகராறு ஒன்றை இரு தரப்புக்கும் திருப்தியாகத் தீர்த்த விதத்தை எழுதுக.' அதைத் திருத்துவது வாத்தியார் இல்லை, கூடப் படிக்கிற இன்னொருவர். யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சேரும்போது ஒரு ஊரே சேர்ந்திருந்தது. இலவசப் பாடத்தின் வழக்கப்படி, கட்டுரை வரைக்கும் வந்து சேர்ந்தவர்களை ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம்.

மெக்கானிக் சின்ன ரூம் தகராறையே எழுதினார். இன்னும் தீராத தகராறுதான். இருந்தாலும் தீர்ந்துவிட்டதாகவே எழுதினார். தன் பேச்சில் மனைவி சொக்கிப்போய், "ரூமை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கும்பிட்டதாகவும், அப்போது அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் பெருகியதாகவும் முடித்தார். இன்னொரு தடவை படித்துப் பார்த்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு அனுப்பினார்.

மறுநாள் திருத்தி வந்தது. எதிர்த்தரப்புக்கு என்ன தேவை என்று கேட்டாரா? இல்லை. எதிர்த்தரப்புக்குத் திருப்தியா? இல்லை. தேறவில்லை. கீழே ஒரு குறிப்பு வேறு: 'அது ஆனந்தக் கண்ணீர் அல்ல. எதிர்த்தரப்பு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது.'

மெக்கானிக் மெல்லத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். கத்திச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பு உண்டு. அதற்கு முன் அவரும் ஒருவர் கட்டுரையைத் திருத்தியாக வேண்டும். வந்து விழுந்த கட்டுரையில், ஒரு கணவர் மேஜையைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, "இத்தனை நாள் என் கண்ணைத் திறக்காமல் விட்டாயே" என்று தையல் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதிர்த்தரப்பைக் கேட்டாரா? பழுதான லிஃப்ட் பட்டனைக் குத்துவதுபோல 'இல்லை'யைக் குத்தினார்.

சமையலறையில் செல்போன் கிணுகிணுத்தது. கத்திச் சத்தம் நின்றது.

"என்னங்க, ஃபெயில் போட்டுட்டீங்களா?"

"நீ போடலாம், நான் போடக்கூடாதா? நீ எப்ப சேந்தே?"

"நீங்க ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமா வெச்சுக் கேக்குறீங்க. பாதிப் பாடம் சமையக்கட்டுக்கே வந்துடுச்சு. மீதிய விடுவானேன்னு சேந்தேன்."

மறுநாளோடு கெடு முடிகிறது. நிஜமாகவே ஏதாவது ஒரு தகராறு தீர்ந்தால்தான் எழுத முடியும். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்லைத் தகராறுக்கு வந்த இரண்டு நாட்டு மந்திரிகள்கூட அத்தனை விறைப்பாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"சரி, கேக்கிறேன்," என்றார் மெக்கானிக். "உனக்கு எதுக்கு அந்த ரூம்?"

"மெஷின் போட."

"மெஷின ஹால்லயும் போடலாமே."

மனைவி மேஜைத் துணியின் ஓரத்தை நீவினார். "கதவ சாத்திட்டு உக்காரணும்."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணுமில்ல. சும்மா. உங்களுக்கு எதுக்கு?"

"படிக்க."

"படிக்கிறதெல்லாம் இங்க வந்து நின்னுதானே ஒப்பிக்கிறீங்க?"

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். "எனக்கும் கதவ சாத்திட்டு உக்காரத்தான்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். யாருக்கு எதிராகக் கதவு என்று இருவருமே கேட்கவில்லை. சோதனைக்காக மனைவி முதலில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மெக்கானிக் வெளியே நின்று, பறிகொடுத்தவனின் வேதனை வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. ஹால் அவருடையது. பால்கனி அவருடையது. ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று கருத்துச் சொல்ல ஆளில்லை. சோபாவில் நீட்டிப் படுத்து, குஷனைக் காலுக்கு வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பேசாதீங்க. நல்லா இருக்கு."

இருவரும் நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். ஒருவர் கட்டுரை இன்னொருவருக்கே திரும்பவும் வந்தது. லிஃப்டில் வேறு ஆளில்லை போலும். மறுநாள் மதியம் மெக்கானிக்கின் வாழ்நாளின் முதல் சர்டிபிகேட் திரையில் வந்து நின்றது. போய்ச் சின்ன ரூம் கதவைத் தட்டினார்.

"சர்டிபிகேட் வந்துடுச்சும்மா. பேச்சுப்படி ரூம் எனக்கு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "வாக்கு வாக்குதான். இருங்க, நான் ஹாலுக்கு வந்துடறேன்."

மெக்கானிக் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். சோபாவை, குஷனை, தன்னிஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"அவசரமில்லம்மா," என்றார் பெருந்தன்மையோடு. "நீ இரு. எவ்வளவு நாள் வேணுமோ இருந்துக்கோ."

பதிலாக, தாழ்ப்பாள் இன்னொரு தடவை அழுந்தி விழும் சத்தம் கேட்டது.