வெயில் வராத பக்கம்

வீடு பார்க்க வருகிறவர்களை ஜூன் மாதத்தில் வரவழைக்க வேண்டும். இத்தாலியக் கடலோர ஊரான கலமோராவில் வீடு விற்கிற எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம் இது. ஜூனில் ஊர் முழுக்க வெயில் கொளுத்தும். நவம்பர் நடுவிலோ சூரியன் தெற்குக் குன்றுக்குப் பின்னாலேயே பதுங்கிப் போய்விடும். துறைமுகப் பக்கத்து வீடுகளைப் பிப்ரவரி வரைக்கும் எட்டிக்கூடப் பார்க்காது. இதை எந்த வெளியூர்க்காரரிடமும் யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு நான் உன் வியாபாரத்தைக் கெடுத்தால் நாளைக்கு நீ என்னுடையதைக் கெடுப்பாய் என்ற பயம்தான் காரணம். அதற்கு ஊர் ஒற்றுமை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒர்னெல்லாவின் வீடு துறைமுகப் பக்கம். அவள் கணவன் நசாரியோ படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். கோடையில் அவன் போடுகிற சத்தத்தில் துறைமுகமே அதிரும். முதல் நிழல் விழுந்ததும் பேச்சு குறையும். டிசம்பரில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். ஆறு வருடமாக இதே கதை. போன குளிர்காலத்தில் சூப்பைக்கூட வேண்டாமென்று தள்ளினான். மருந்தெல்லாம் இருக்கட்டும், முதலில் வெயில் படுகிற வீட்டுக்கு மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டில் மாதா கோயிலை ஒட்டி இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. அதன் சொந்தக்காரர் கோடை முடியும் வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார்.

இந்த நிலையில்தான் டென்மார்க்கிலிருந்து பிரெபெனும் அவர் மனைவி பீர்த்தேயும் வந்தார்கள். இருவரும் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் இத்தாலியன் படித்தவர்கள். பாடப்புத்தகம் வாய் திறந்து பேசுவதுபோல் பேசினார்கள்.

"அம்மணி, தங்கள் இல்லம் மிக்க அழகுடன் விளங்குகிறது" என்றார் பிரெபென்.

"யாருடி இவரு, பாதிரியாரா?" என்று நசாரியோ அவள் காதில் கிசுகிசுத்தான். ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பீர்த்தே சமையலறை ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் கொடுத்தபடி நின்றாள். பிரெபென் குரலைத் தாழ்த்தினார்.

"கோடைக்காக நாங்கள் வீடு தேடவில்லை, அம்மணி. கோடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. என் மனைவிக்கு இருள் ஒத்துக்கொள்வதில்லை. நவம்பர் பிறந்தால் படுக்கையை விட்டு எழ மாட்டாள். குளிர்காலம் முழுவதும் இவள் வெயிலில் இருக்க வேண்டும். இங்கே அப்போது வெயில் உண்டா?"

கேட்டால் மட்டும் பதில் சொல், இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே என்று வீட்டுத் தரகர் ஒர்னெல்லாவை எச்சரித்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் சாக்கடையைக் கேட்டார்கள், வைஃபையைக் கேட்டார்கள், கார் நிறுத்த இடம் கேட்டார்கள். வெயிலை யாரும் கேட்டதில்லை. அவள் நசாரியோவைப் பார்த்தாள். அவன் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"கலமோராவுல வெயிலுக்கா சார் பஞ்சம்?" என்றாள்.

பொய்யில்லையே என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோயில் பக்கமும் கலமோராதானே.

அவர்கள் போனதும் நசாரியோ கேட்டான்: "அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா?"

"உன் மூஞ்சியத்தான் பாத்தேன். ஆறு வருஷமா அதத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவன் ஒரு வார்த்தை தடுத்திருந்தால் அவளும் நிறுத்தியிருப்பாள். தடுக்கவில்லையே என்று அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

கோடை முடிவதற்குள் டேனிஷ்காரர்கள் வீட்டை வாங்கச் சம்மதித்தார்கள். பத்திரம் பதிகிற நோட்டரி அதை முழுக்க உரக்கப் படிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம், இதோ இப்போது வெயில் பேச்சு வரப்போகிறது என்று ஒர்னெல்லா பயந்தாள். வரவில்லை. சுவர், கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்த பத்திரத்தில் சூரியன் மட்டும் இல்லை. கையெழுத்தானதும் பீர்த்தே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தைச் சொன்னாள்: "தாங்களே இவ்வூரில் எனக்குக் கிடைத்த முதல் தோழி."

கோயில் வீட்டுக்குப் போனதும் நசாரியோ தேறினான். நவம்பர் கடைசியிலும் பால்கனியில் உட்கார்ந்து மீன்காரனோடு வம்பு வளர்த்தான். ஒர்னெல்லாவுக்குத்தான் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் பழைய வீடு நேரே தெரிந்தது. டேனிஷ்காரர்கள் வந்துவிட்டார்கள். நடுப்பகலில் சமையலறை விளக்கு எரிந்தது. ரொட்டிக்கடையில் அவர்கள் எதிர்ப்பட்டுவிடக் கூடாதென்று அவள் பஸ் ஏறி அடுத்த ஊரில் ரொட்டி வாங்கினாள். இன்றைக்கு வந்து கத்துவார்கள், நாளைக்கு வக்கீலோடு வருவார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

டிசம்பரில் ஒருநாள் காலையில் பிரெபென் படியேறி வந்தார். சவரம் செய்யாத முகம். கோபமாகவே தெரியவில்லை.

"அம்மணி, வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆயினும் வெயில் வரவில்லை. எப்போது வரும்?"

பாவி மனுஷன், இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார். "பிப்ரவரியில" என்றாள்.

"தங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும் சார்."

பிரெபென் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "பீர்த்தே எழுவதில்லை. தங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள்" என்றார்.

நசாரியோ நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். "நானும் வர்றேன்."

"வேணாம். அந்த ரூமுக்குள்ள நீ வரவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழியெல்லாம் மனசுக்குள் சாக்குகளை அடுக்கிக்கொண்டே இறங்கினாள். படுக்கையறை வாசலில் அத்தனையும் மறந்துபோயின. ஒர்னெல்லாவும் நசாரியோவும் விட்டுவிட்டு வந்த அதே கட்டில். பீர்த்தே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே சுவரில் விரலை வைத்தாள்.

"இவை எவருடைய நகக்கீறல்கள்?"

விற்பதற்கு முன் வெள்ளையடித்தபோது ஒர்னெல்லா கட்டிலை நகர்த்தவில்லை. மெத்தைக்குச் சற்று மேலே, வெள்ளை எட்டாத இடத்தில் சாந்து பெயர்ந்து கோடு கோடாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரோடது."

"இப்போது அவர் நலமா?"

"நல்லா இருக்காரு."

"வெயிலிலா?"

"ஆமா."

"நல்லது" என்றாள் பீர்த்தே. அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே நல்லது என்றுதான் சொன்னாள். பிறகு தன் நகத்தை ஒரு கீறலுக்குள் வைத்துப் பார்த்தாள்.

ஒர்னெல்லாவுக்குத் தாங்கவில்லை. "என்னத் திட்டுங்கம்மா! நாலு வார்த்த திட்டிட்டாவது எந்திரிங்க. எங்க வீட்டுக்குப் போலாம், வாங்க. மேல வெயில் அடிக்குது."

"நாளை" என்றாள் பீர்த்தே.

நசாரியோவும் இப்படித்தான் சொல்வான். ஆறு குளிர்காலமும் அதை நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனவள் அவள். அந்த 'நாளை' எப்படிப்பட்டது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்த முறை போகவில்லை. போர்வையை விலக்கினாள். கட்டிலுக்கடியில் குனிந்து காலுறைகளைத் தேடி எடுத்தாள். பீர்த்தேயின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கால் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. பீர்த்தே அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, கொஞ்சமும் ஒத்துழைக்கவும் இல்லை. ஒர்னெல்லா ஒரு காலுறையை மாட்டி முடித்துவிட்டு அடுத்த காலை எடுத்தாள்.