பித்தளைத் தகட்டுக்கு எர்த்

"இத தினமும் ஈரத்துணியால துடைக்கலாமா பாப்பா?" என்று அந்த வீட்டம்மா என்னைத்தான் கேட்டார்.

அத்தானைக் கேட்டிருக்கலாம். அவர் பக்கத்திலேயே முட்டிபோட்டு, வாயில் திருகாணியைக் கடித்தபடி கடைசி பிளக் பாயின்ட்டைப் பொருத்திக்கொண்டிருந்தார். எல்லாம் கொடி வேலைப்பாடு செய்த பித்தளைத் தகடுகள். அந்த அம்மாவே தேடி வாங்கியவை.

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அத்தான் ஒருநாளும் சோற்றைச் சொல்லிக் காட்டியதில்லை. "வீட்ல கொட்டாவி விடறதுக்கு என்கூட வந்து ஸ்குரூ டிரைவர் எடுத்துக் குடு" என்று வேலைக்குக் கூட்டிவருவார்.

காலையில் பழைய பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றியபோது உள்ளே சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் மட்டுமே இருந்தன. ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் ஒயர் இல்லை.

"சுவத்த வெட்டி இன்னொரு ஒயர் இழுக்கணும்மா" என்றார் அத்தான்.

"இப்பதான் பெயின்ட் அடிச்சேன். சுவத்துல உளி வெச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்."

அத்தானும் சேர்ந்து சிரித்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கருப்பு ஒயரிலிருந்து தகட்டுக்கு ஒரு பச்சைத் துண்டைக் கட்டினார். பார்ப்பவர்களுக்கு எர்த் கொடுத்த மாதிரியே இருக்கும். அந்தக் கருப்பு எங்காவது விட்டுப்போனால் கரண்ட் தகட்டுக்கே வந்துவிடும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான்.

இப்போது அந்த அம்மா வெறுங்காலோடு, பிழிந்த துணியும் கையுமாக என் பதிலுக்கு நின்றார். அத்தான் என்னைப் பார்த்து 'துடைக்கலாம்னு சொல்லு' என்று கண்ணைக் காட்டினார்.

"வேணாம்மா. எர்த் இல்ல."

"பச்சை ஒயர் வெச்சாரே?"

"அது... கருப்புலயே கட்டியிருக்கு."

"நெசமா தம்பி?"

அத்தான் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "அவ கெடக்கா. ஒம்பதாங்கிளாஸ் தாண்டாதவ. அவளுக்கென்ன தெரியும்?"

"சரி, அப்ப நீங்களே துடைச்சுக் காட்டுங்க." அந்த அம்மா துணியை நீட்டினார்.

அத்தான் வாங்கவில்லை. அவர் காது மடல் சிவந்துபோயிற்று. என்னைப் படிக்காதவள் என்றதுகூட எனக்கு உறைக்கவில்லை. நீட்டிய கைக்கு முன்னால் அவர் அப்படி மண்டியிட்டிருந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மெயினை அணைத்தார். தகடுகளையெல்லாம் கழற்றி, பச்சைத் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பழைய பிளாஸ்டிக்கையே மாட்டினார். நான் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டார்.

"அத்தான்..."

பையைத் தோளில் மாட்டினார். நான் செருப்பைத் தேடுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.