கை நனைத்த நாள்

மருதம்மாள் வாழ்க்கையில் முதன்முறையாக வீசிய தூண்டில் கடலுக்குப் போகவில்லை. பின்னால் நின்ற மருமகனின் தொப்பிக்குத்தான் போனது. முள் தொப்பியைக் கொத்திக்கொண்டு முன்னால் பறக்க, ஈயக்கட்டி, இறால், தொப்பி மூன்றும் ஒன்றாக யான் என்ற ஊர்க் கடற்கரையின் சேற்று அலையில் விழுந்தன. "பரவால்ல அத்த, மொத மீனே தொப்பி மீனுலா," என்று சொல்லிவிட்டு டெஸ்மண்ட் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்த மலாய்க் குடும்பம் வாய்விட்டுச் சிரித்தது. மருதம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை முன்னால் பல் தெரியச் சிரிப்பதா என்று தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் அவள். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்றே முட்டியைத் தேய்த்தவள். புருஷன் ராமையா போய்ச் சேர்ந்ததும் ஒரே மகள் ஷாமளா, "தனியா கெடந்து என்னாம்மா செய்யப் போற?" என்று அலோர் ஸ்டாருக்குக் கூட்டிவந்துவிட்டாள். ஷாமளா நர்ஸ். டெஸ்மண்ட் ஏர்கோன் என்கிற ஏசிகளைப் பழுது பார்ப்பவன். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்தால் மத்தியானம் மீன் பிடிக்கப் போய்விடுவான். தங்கமான பையன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. இருந்த குறையெல்லாம் மருதம்மாளின் தட்டில்தான் இருந்தது.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பார்கள். மருதம்மாளைக் கட்டிக் கொடுத்த பிறகு அவளுடைய அம்மா ராமையா வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடித்தது கிடையாது. பேரப்பிள்ளை பிறந்துவிட்டால் அந்தத் தடை விலகும். ஷாமளாவுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை. அதை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. ஆகவே மருதம்மாள் தன் காசில் அரிசி வாங்கி ஒரு மைலோ டின்னில் வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் பெரிய பானையில் சோறாக்குவாள், தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில். கேட்டால், "எனக்கு சுகர் வரப் பாக்குதாம், இது சுகர் அரிசி," என்பாள். டெஸ்மண்ட் நம்பினான். ஷாமளா நம்பவில்லை. சின்னச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும்; வாய் திறக்கமாட்டாள். அம்மாவுக்குப் பிறந்த பெண் ஆயிற்றே, அழுத்தம் எங்கே போகும்!

இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? கோலா கெத்திலில் பழைய கூட்டாளி குணவதி தன் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு விடுவதாகச் சொன்னாள். "வர்றியா இல்லியான்னு ஞாயித்துக்கெழம ராத்திரி போன் அடிக்கிறேன். அப்பயும் இழுத்தின்னா வேற ஆளுக்குக் குடுத்திருவேன்," என்றும் சொல்லியிருந்தாள். போவதென்று மருதம்மாள் மனதுக்குள் முடிவு கட்டியாகிவிட்டது. மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

தூண்டில் ஆசை வந்ததுகூட இந்தச் சோற்றுக் கணக்கில்தான். கடல் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. அதில் தானே பிடித்த மீனைத் தின்றால் மாப்பிள்ளை வீட்டு மீன் என்று யார் சொல்ல முடியும்? "நானும் வரட்டுங்களா மாப்ள?" என்று அவள் ஒருநாள் கூச்சத்தோடு கேட்டபோது, டெஸ்மண்ட் ஏற்கெனவே இரண்டாவது தூண்டில் ஒன்றைக் காடி டிக்கியில் வைத்திருந்தான். பழசு போல, சும்மா கிடந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தொப்பி மீனுக்குப் பிறகு அவள் கொஞ்சம் தேறினாள். விரலால் தூண்டில் நரம்பைப் பிடித்து, ரீலின் கம்பியைத் திறந்து, வீசும்போது சரியான நேரத்தில் விரலை விட வேண்டும். முந்தி விட்டால் வானத்துக்குப் போகும், பிந்தி விட்டால் காலடியில் விழும். அன்று சாயங்காலம் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெலாமா மீன் அவளுக்குக் கிடைத்தது. அதைச் சுத்தம் செய்து, தனியாக வறுத்து, தன் சின்னச் சட்டிச் சோற்றோடு வைத்துத் தின்றாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு தொண்டையில் உறுத்தாமல் இறங்கிய சோறு அதுதான். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த ஞாயிறு போட் ஏறிக் கடலுக்குள்ளும் போகலாம் என்று டெஸ்மண்ட் சொன்னதும் முதல் ஆளாகக் கிளம்பி நின்றாள். அது குணவதி போன் அடிக்கப்போகும் ஞாயிறு.

கோலா கெடாவில் பாக் சூ என்ற மலாய்க்காரரின் போட். ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் மருதம்மாளுக்கு வயிற்றைப் புரட்டியது. டெஸ்மண்ட் 'அசாம் போய்' என்ற உப்பிட்ட உலர்பழம் ஒன்றைக் கொடுத்து, அந்தப் புளிப்புக் கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னான். ஜெராய் மலையைப் பார்க்கப் பார்க்கப் புரட்டல் அடங்கியது. போட்டில் வீசுகிற வேலை இல்லை. ஈயக்கட்டி அடியைத் தொடும் வரை நரம்பை இறக்கிவிட்டுக் காத்திருந்தால் போதும். டெஸ்மண்ட் பையின் அடியில் கையைவிட்டு ஈயக்கட்டிகளைத் துழாவினான். "இதுங்கள போட்டு வைக்க ஒரு டின்னு கெடைக்க மாட்டேங்குது அத்த," என்று வழக்கம்போல அலுத்துக்கொண்டு சிலுவை போட்டுவிட்டு இறக்கினான். மருதம்மாள் முருகா என்று இறக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் நரம்பு அவள் விரலைச் சுண்டியது. "இழுக்காதீங்க, நல்லா முழுங்கட்டும்... இப்ப, இப்ப!" என்றான் டெஸ்மண்ட். அவள் மூச்சுவாங்கச் சுற்றினாள். கறுத்த, மீசை வைத்த, வழவழப்பான மீன் ஒன்று மேலே வந்து போட்டுக்குள் துள்ளியது. மருதம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, நம்ம கெளுத்தி!" என்றாள். தோட்டத்துக் கால்வாயில் ஆம்பிளைப் பிள்ளைகளே பயப்பட, தலைக்குப் பின்னால் இரண்டு விரலைக் கொடுத்து அவள் கெளுத்தி பிடித்த கதை அந்த லயத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளைக்கும் அதைக் காட்டிவிடும் ஆசையில் குனிந்தாள். "ஆன்ட்டி, ஜங்கான் பெகாங்!" தொடாதே என்று பாக் சூ மலாயில் கத்தும்போது அவள் பிடித்தே விட்டாள்.

அது கெளுத்தி இல்லை. கடலில் இருக்கும் அதன் பொல்லாத பங்காளி, செம்பிலாங். ஒரு உலுக்கு உலுக்கி விஷமுள்ளை அவள் வலது உள்ளங்கையில் இறக்கியது. நெருப்புக் கம்பி தோள் வரை ஏறியது போல இருந்தது. "மாப்ள!" என்று அலறி உட்கார்ந்துவிட்டாள்.

பாக் சூ எஞ்சினைக் கிளப்பிக் கரையைப் பார்த்துத் திருப்பினார். டெஸ்மண்ட் மேகி கலக்க வைத்திருந்த சுடுதண்ணிப் புட்டியை வாளியில் கவிழ்த்தான். கடல் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்து, முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்தான்; பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சேர்த்தான். அவன் விரல்கள் சிவந்திருந்தன. வாளியை அவள் மடிக்கருகில் நகர்த்தினான்.

"சூட்டுக்குத்தான் இந்த விஷம் அடங்கும் அத்த. கைய நனைங்க."

அந்த வலியிலும் மருதம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா சொன்னீங்க?"

"கைய நனைங்க அத்த. பயப்படாதீங்க, நான் பாத்துட்டேன், சுடாது."

கையை உள்ளே விட்டாள். உயிர் போகிற வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலி இறங்க இறங்க அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இடது கை போட்டின் ஓரத்தைப் பற்றியிருந்ததால் இந்த முறை துண்டால் வாயை மூடக் கை ஒழியவில்லை. டெஸ்மண்ட் பயந்து போனான். விஷம் தலைக்கு ஏறிவிட்டதோ!

"ஒண்ணுமில்ல மாப்ள. பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்கக் கூடாதும்பாங்க எங்காளுங்க. அதான்... நீங்களே நனைக்கச் சொல்லிட்டீங்க."

அவனுக்கு இப்போதுதான் அது விளங்கியது. "அப்ப அந்த சுகர் அரிசி?"

"சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் வாளி சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நீங்க வந்த மாசமே ரெண்டாவது தூண்டில் வாங்கிட்டேன் அத்த. கூப்புட்டா தப்பா நெனப்பீங்களோன்னு கேக்கல." சொல்லிவிட்டு மறுபடி தன் விரலை வாளிக்குள் விட்டுச் சூடு குறைந்துவிட்டதா என்று பார்த்தான்.

மருதம்மாளுக்கு அந்த மீனையே கும்பிட வேண்டும் போலிருந்தது. பெற்ற மகளிடம்கூட இப்படிக் கையை நீட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்ததில்லை. முள் குத்தாமல் இருந்திருந்தால் இந்த ஜென்மத்தில் உட்கார்ந்திருக்கவும் மாட்டாள்.

கிளினிக்கில் ஊசி போட்டுக் கையைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினார்கள். பாக் சூ முள்ளைக் குறடால் வெட்டிக் கொடுத்த செம்பிலாங், அன்று இரவு ஷாமளாவின் கையால் புளிக்குழம்பானது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஷாமளா மைலோ டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஒனக்குத் தனியா ஒல வைக்கணுமாம்மா?" என்று கேட்டாள்.

மருதம்மாள் டின்னைப் பார்த்தாள். "அரிசிய பெரிய டப்பாவுல கொட்டிட்டு டின்ன மாப்ளகிட்ட குடு. ஈயக்கட்டி போட டின்னு இல்ல, டின்னு இல்லன்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு."

ஷாமளா டின்னோடு அடுப்படிக்குள் போனாள். பிறகு அரிசி பெரிய டப்பாவுக்குள் சரசரவென்று விழும் சத்தம் கேட்டது. வலது கை கட்டுக்குள் இருந்ததால் பெரிய பானைச் சோற்றைக் குழம்பில் பிசைந்து ஷாமளாதான் உருட்டினாள். முதல் கவளத்தை வாயருகே கொண்டுவந்த நேரம் பார்த்து மேசைமேல் மருதம்மாளின் போன் அடித்தது. குணவதி.

"எடுக்கட்டா அத்த?" என்றான் டெஸ்மண்ட், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி.

மருதம்மாள் வாயைத் திறந்து கவளத்தை வாங்கிக்கொண்டாள். வாய் நிறையச் சோறு இருந்தது, பேச முடியவில்லை. போன் விடாமல் அடித்தது. டெஸ்மண்ட் பையைக் கவிழ்த்து ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ணங், ணங் என்று அடியைத் தொட்டன. அவள் மென்றுகொண்டே அடுத்த கவளத்துக்கு மகளின் கையைப் பார்த்தாள்.