கண் டாக்டர்

போதகரின் இளைய மகள் அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலைக்குப் போனது சபைக்குத் தலையில் விழுந்த இடி. கம்மல்கூடப் போடாத குடும்பம் அது. "எனக்கு விசுவாசம் இல்லப்பா" என்று அவள் சொன்ன வாரமே, "அவளோட யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது" என்று அப்பா பிரசங்கத்தில் அறிவித்துவிட்டார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

மறுவருடம் ஒரு மத்தியானம், துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்காது. வாசலில் தயங்கி நின்றாள்.

இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒட்ட வெட்டிய தலையும் ஜிமிக்கியுமாக எந்த முகத்தோடு எதிரே போவது?

"அக்கா, நான் லீவுன்னு சொல்லிடுங்க" என்று முதலாளியம்மாவிடம் கிசுகிசுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"அவ இன்னிக்கு வரலைங்களே."

"பரவாயில்லம்மா" என்றாள் அம்மா. "அவ செருப்பு வெளிய கிடக்கு. இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சா போதும். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

முதலாளியம்மா திரையை விலக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு அறையே வாங்கியிருக்கலாம்.

மகள் ஓடிப்போய்ப் பஸ் நிறுத்தத்தில்தான் அம்மாவைப் பிடித்தாள். அம்மா அவள் தலையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தேம்மா?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "கண் டாக்டர்கிட்ட போறேன்னு."

பென்சில் திருடவில்லை என்று பொய் சொன்ன மகளை ஒருநாள் முழுக்க முழங்காலில் நிறுத்திய அம்மா அவள். தன்னால் அம்மா வாயிலும் பொய் வந்துவிட்டதே என்று மகளுக்கு நெஞ்சு குறுகிப் போனது.

"அப்ப வா, நிஜமாவே போயிடலாம்."

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஏம்மா, இத்தனை நாள் எப்படிப் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"வேதம் மட்டும்தான் படிப்பேன். அது மனப்பாடம்" என்றாள் அம்மா. மகள் சிரித்துவிட்டாள், அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது.

அப்புறம் அவ்வப்போது அம்மாவுக்குக் கண் வலித்தது. வருவாள், முதலாளியம்மா போடும் டீயைக் குடிப்பாள், போவாள். ஒளிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்க மகள் ஒவ்வொரு முறையும் வாயெடுப்பாள். அம்மா முந்திக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்பாள்.