மலசலகூடச் சாவியும் ஏழாம் ஆண்டு முறைப்பாடும்

1

இந்தக் கதை ஒரு கடித உறையிலிருந்து எனக்குக் கிடைத்தது. உறை எனக்கு வந்ததல்ல. அது என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் சங்கடமாக இருக்கும்.

முதல் தொடக்கம்: தெரணியகலை மலைகளில் மூடுபனி மெல்ல மெல்ல

(வேண்டாம். மூடுபனி வந்தால் பரிசு கிடைக்கும், கதை கிடைக்காது.)

இரண்டாவது தொடக்கம்: தோட்டப் பாடசாலையில் ஹில்டா டீச்சர் ஏழாம் ஆண்டுக்கு மனித உரிமைப் பாடம் நடத்தினார். உரிமை மீறப்பட்டால் எங்கே முறையிடுவது என்று சொல்லி, கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தின் முகவரியைக் கரும்பலகையில் எழுதி, பயிற்சிக்காக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் கொப்பியில் எழுதினார்கள். தனுஷிகா மட்டும் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டாள்.

2

பாடசாலை மலசலகூடம் எந்நேரமும் பூட்டியே கிடக்கிறது, சாவி அதிபரிடம் இருக்கிறது, அதனால் நான் மத்தியானம் வரைக்கும் தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். சிக்கல் முகவரியில் வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. எல்லாருடைய தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அவளும் பெயரையும் வகுப்பையும் எழுதி, கீழே தோட்டத்தின் பெயரைப் போட்டிருந்தாள்.

'மலசலகூடம் தொடர்பான உங்கள் முறைப்பாடு கிடைத்தது, விசாரிக்க வருவோம்' என்ற பதிலை ஆபீசில் கிளாக்கர் பிரித்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வெலவெலத்துப் போனார். லயத்துக் கக்கூசுகளைத்தான் சொல்கிறார்கள் என்று அவரே முடிவுகட்டி, மூன்றே நாளில் எல்லாவற்றுக்கும் புதுக்கதவு போட்டார்.

தனுஷிகாவின் அம்மா தங்கம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "சங்கத்து ஆளுங்க இருவது வருசமா கேட்டும் வராத கதவு, ஒன் வீட்டுப்பாடத்துக்கு வந்திருச்சே புள்ள" என்றாள்.

பாடசாலைப் பூட்டு அப்படியே தொங்கியது.

3

அதிபர் பாத்திரம் எனக்குச் சரியாக அமையவில்லை. கொடியவர் என்று எழுதினால் ஒட்டவில்லை. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வந்தால் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று பூட்டி வைத்தவர், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் உள்ளே போகவில்லை.

கதவு வேலை முடிந்ததும் கிளாக்கர் அந்த உறையை அதிபரிடம் நீட்டி, "ஒங்க ஸ்கூல் புள்ளையா சேர்?" என்று கேட்டார்.

சரி. அந்த அதிபர் நான்தான்.

தனுஷிகாவைக் கூப்பிட்டு, என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"மொதல்ல பொறுப்பா இருக்கிறவங்ககிட்ட கேக்கணும்னு பாடத்துலயே இருக்கு சேர். கேட்டேன். அப்புறம் வான்னு சொன்னீங்க."

"எப்ப?"

"அஞ்சாம் ஆண்டு படிக்கிறப்ப."

எனக்கு ஞாபகமே இல்லை. வெட்கமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: அதிபர் கண்கலங்கிச் சாவியைக் கொடுக்கிறார். (கலங்கவில்லை. கொடுக்கவுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.)

முடிவு இரண்டு: ஹில்டா டீச்சருக்கு இடமாற்றம். (அதற்கான கடிதத்தை நிஜமாகவே எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.)

முடிவு மூன்று: அன்று மாலை அதிபர் தனியாக

இடைவேளை மணி அடித்துவிட்டது. தனுஷிகா என் அறை வாசலில் நிற்கிறாள்.

"சேர், சாவி."

கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

வாசகரே, மூன்றாவது முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாவி கிடக்கும் இந்த மேசை லாச்சி சிக்கிக்கொள்ளும், இழுத்துத் திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.