கை சும்மா இருக்கவேண்டிய தேர்வு

தேர்வுக்கென்று வேண்டுமென்றே செய்து வைத்திருந்த ஐந்து கோளாறுகளில் இரண்டைக் காணவில்லை. தேர்வாளர் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். காலையில் தன் கையாலேயே தளர்த்தி வைத்த திருகு இப்போது கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே விளக்கு மாட்டும் இடத்தில் அவர் இடம் மாற்றிச் செருகியிருந்த கம்பிகள் இரண்டும் சமத்தாக தத்தம் வீட்டுக்குத் திரும்பியிருந்தன.

"இதை நீங்க தொட்டீங்களாம்மா?" என்று அவர் கேட்டபோது தேர்வு எழுத வந்திருந்த டெஸ்டர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தொட்டாளா இல்லையா என்பது அவளுக்கே நினைவில்லை. அவள் எழுதிக்கொடுத்த தாளில் மூன்று கோளாறுகள்தான் இருந்தன. சோதனை செய்கிறவர் கண்டதை எழுத வேண்டும், சரிசெய்யக் கூடாது, எழுதாததை நான் எப்படிக் கண்டதாக எடுத்துக்கொள்வது என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அந்தத் தடவை அவள் தோற்றது அப்படித்தான்.

டெஸ்டர் அக்கா என்பது வேலை இடத்தில் வைத்த பெயர். மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும் திருகைத் திருப்பவும் உதவுகிற டெஸ்டர் ஒன்றை எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். சீப்பைக் காணோம் என்று தேடியிருக்கிறாளே தவிர, டெஸ்டரைத் தேடியதே கிடையாது. பல வருடமாக ஒரு வயரிங் காண்ட்ராக்டரிடம் உதவியாளாக இருந்தாள். உதவியாள் என்றால் ஏணி பிடிப்பது, கம்பி இழுப்பது, வேண்டிய சாமானைக் கேட்பதற்குள் கையில் வைப்பது. போகிற போக்கில் ஆடுகிற திருகைக் கண்டால் இறுக்கிவிட்டு நகர்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது காண்ட்ராக்டருக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. ஒரு குடியிருப்பின் எல்லாக் கட்டடங்களிலும் வயரிங்கைச் சோதித்து, சான்றிதழ் பெற்ற ஆள் கையெழுத்துப் போட்டு அறிக்கை தர வேண்டும். சான்றிதழுக்கான தேர்வில் தேறினால் அந்த இடம் உனக்குத்தான் என்று அவர் அவளிடம் சொல்லியிருந்தார். தோற்றுவிட்டு வந்து நின்றபோதும் திட்டவில்லை. இன்னொரு தடவை எழுது, அதிலும் விட்டால் வெளியாளைத்தான் போட வேண்டியிருக்கும் என்றார். அந்த வெளியாளுக்கு ஏணி பிடிக்கப்போவது யார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

வீட்டில் இதைக் கேட்டு முதலில் சிரித்தது நாத்தனார்தான். அவள் பேருந்தில் கண்டக்டர். வாய்க்குப் பூட்டுக் கிடையாது, கண்ணுக்கும் தூக்கம் கிடையாது. எந்தக் கூட்டத்திலும் சீட்டு வாங்காதவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவாள். சிரித்து முடித்ததும், இனிமேல் உங்களுக்கு நான்தான் தேர்வாளர் என்று தானாகவே பதவி ஏற்றுக்கொண்டாள்.

பின் அறையில் ஒரு பழைய கதவுப் பலகையை நிறுத்தி, அதில் சுவிட்சுகளும் ப்ளக் பாயிண்ட்டுகளும் ஒரு சிறு பெட்டியும் பொருத்தினாள் டெஸ்டர் அக்கா. மின்சாரம் கொடுக்காத பலகை. அதனால் நாத்தனார் பயமில்லாமல் கோளாறு வைத்தாள். வேலைக்குப் புறப்படும் முன் ஒரு திருகைத் தளர்த்துவாள், ஒரு கம்பியைக் கழற்றுவாள், இன்னொன்றை வேறு ஓட்டையில் செருகுவாள். சாயங்காலம் வந்ததும் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பார்க்கணும், சொல்லணும், எழுதணும், தொடக் கூடாது. இதுதான் சட்டம்.

முதல் நாள் தளர்ந்த திருகைப் பார்த்த மாத்திரத்தில் டெஸ்டர் அக்காவின் கை கொண்டைக்குப் போய்விட்டது.

"அண்ணி, கை எங்க போகுது?"

"எங்கயும் போகலையே."

"சீட்டு வாங்காம ஏறினவன் முழிக்கிற முழி எனக்குத் தெரியும். உங்க கை அப்படித்தான் முழிக்குது. அந்த டெஸ்டரை இப்படிக் குடுங்க."

டெஸ்டரைப் பிடுங்கியும் பயனில்லை. மறுநாள் நகத்தாலேயே திருகைத் திருப்பினாள். நாத்தனார் யோசித்தாள். பலகையோடு நிறுத்தினால் இந்தக் கை அடங்காது என்று முடிவு கட்டி, சட்டத்தை வீடு முழுக்க நீட்டினாள். குழாய் சொட்டினால் சொட்டட்டும். நாற்காலி ஆடினால் ஆடட்டும். அண்ணி பார்ப்பாள், எழுதுவாள், அவ்வளவுதான்.

இதில் அகப்பட்டுக்கொண்டவர் டெஸ்டர் அக்காவின் புருஷன். அவர் தையல்காரர், முன் அறையிலேயே மிஷின் போட்டிருந்தார். பெல்ட் தளர்ந்து சக்கரம் வெறுமனே சுற்றுகிறது, கொஞ்சம் பார் என்று கூப்பிட்டார். அவள் வந்தாள், குனிந்து பார்த்தாள், பெல்ட் தளர்வு, உடனே கவனிக்க வேண்டும் என்று எழுதித் தாளை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இதை மாட்டினா மிஷின் ஓடுமா?" என்று அவர் தாளைத் தூக்கிக் காட்டித் தங்கையிடம் கேட்டார். பிறகு தானே பெல்ட்டை மாட்டி, விரலை நசுக்கிக்கொண்டார். வீடே உட்கார்ந்து ஒரு பரீட்சை எழுதுகிறது, தேறினால் மூன்று பேருக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்று சாப்பிடும்போது முணுமுணுத்தார்.

ஆனாலும் பலன் இருந்தது. தேர்வு நெருங்க நெருங்க, அவள் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள், எழுதினாள். கை இடுப்பில் இருந்தது.

தேர்வு நாளில் அதே கூடம், பலகைச் சுவர்களால் தடுத்த அதே அறை, அதே தேர்வாளர். டெஸ்டர் அக்கா மெயினை அணைத்தாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டாள். மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்துக் காட்டினாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். ப்ளக் பாயிண்ட்டின் மூடியில் விரிசல், எழுதினாள். சுவிட்சுக்குள் கம்பி இடம் மாறியிருந்தது, எழுதினாள். கை அசையவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தாள். உள்ளே எர்த் கம்பிகள் எல்லாம் ஒரு பித்தளைப் பட்டையில் வரிசையாகத் திருகப்பட்டிருந்தன. ஒன்றை அளப்பதற்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அளந்து முடித்ததும் மறுபடி மாட்டி இறுக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் தொடுவதுதான் விதி. அவள் இரண்டாவது கம்பியைக் கழற்றினாள், அளந்தாள், எண்ணைச் சொன்னாள், மாட்டினாள், இறுக்கினாள். இறுக்கிய கை நிற்கவில்லை. பக்கத்திலிருந்த மூன்றாவது திருகையும் ஒரு திருப்புத் திருப்பிவிட்டு வந்தது.

அந்தத் திருகு நகர்ந்தது அவள் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. அரைச் சுற்று. தளர்ந்திருந்தது. வைத்திருந்த கோளாறு அதுதான். அதை அவளே விழுங்கிவிட்டாள்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். தேர்வாளர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. திரும்ப அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டால் போதும், காலையில் இருந்தபடியே ஆகிவிடும். தளர்ந்த திருகு என்று எழுதிவிட்டு மேலே போகலாம். ஒருவருக்கும் தெரியாது. ஸ்க்ரூடிரைவரின் முனை இன்னும் அந்தத் திருகின் பள்ளத்திலேயேதான் இருந்தது.

கட்டடம் கட்டடமாக யாரோ உறங்கப்போகும் வீடுகளின் சுவருக்குள் இதே மாதிரி திருகுகள் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் எழுதியதை நம்பித்தான் அவர்கள் சுவிட்சைப் போடுவார்கள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

அவர் நிமிர்ந்தார்.

"எர்த் வரிசையில மூணாவது திருகு தளர்ந்திருந்துச்சு. நான் இப்போ அதை இறுக்கிட்டேன். கை தன்னால போயிடுச்சு. தளர்ந்திருந்ததையும் எழுதறேன், நான் இறுக்கினதையும் எழுதறேன்."

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. அவர் எழுந்து வந்து திருகைப் பார்த்தார். எவ்வளவு தளர்வு என்று கேட்டார். அரைச் சுற்று என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"தொட்டதுக்கு மார்க் போகும்மா. மீதியைப் பாருங்க."

மார்க் போகும் என்றாரே தவிர, நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. டெஸ்டர் அக்கா மூச்சை இழுத்து விட்டாள். அதற்குப் பிறகு பேசுவது பாரமாக இல்லை. இருப்பதிலேயே மோசமானதைச் சொல்லியாகிவிட்டது, இனி சொல்ல என்ன கூச்சம். கம்பி உறையின் காப்பைச் சோதிக்கும் மெக்கரை வைத்து அளந்தபோது ஒரு கம்பியில் உறை நைந்திருப்பது தெரிந்தது, சொன்னாள். இன்னொரு சுவிட்சில் தவறான கம்பி வந்திருந்தது, சொன்னாள். தேர்வாளர் எழுதி மாளவில்லை.

கடைசியில் அவர் அவள் எழுதிய தாளையும் தன் கோளாறுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வந்து கடைசி வரியில் நிறுத்தினார். போன தடவை என் கோளாறை நானே தேடினேன், இந்தத் தடவை அஞ்சும் தாளில் இருக்கிறது என்றார். மார்க் குறைந்தும் தேறியிருந்தாள். அவள் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அவரும் சலிக்காமல் இரண்டு தடவை சொன்னார்.

வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார். அவருக்காகப் பெட்டியைப் பழையபடி வைக்க வேண்டும். தேர்வாளர் கையில் தாள் கட்டு நிறைந்திருந்ததால், அந்த மூணாவது திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிட்டுப் போங்கம்மா என்றார்.

டெஸ்டர் அக்கா ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். நன்றாக இருக்கிற திருகைத் தளர்த்த அவள் கைக்கு மனசே வரவில்லை.

"சார், இதை மட்டும் நீங்களே செஞ்சிடுங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டார். அவர் தளர்த்தி முடிக்கும்வரை டெஸ்டர் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.